அவதாரமும் தாரமும்

உஸ்தாத் ரிஃபாத் ஒரு சனிக்கிழமை காலை, வாயில் பற்பசை நுரையோடு, ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இனிமேல் தன்னைத் தெரிந்தவர்கள் முன்னால் ஊத் வாசிப்பதில்லை. தெரியாதவர்களுக்கு மட்டும்தான்.

முடிவு நல்ல முடிவுதான். ஒரே சிக்கல், அலெக்ஸாந்திரியாவில் மொஹர்ரம் பே வட்டாரத்தில் அவரைத் தெரியாதவர்கள் யாருமே இல்லை. இருபத்தாறு வருஷமாக அந்த வட்டாரத்துக் கல்யாணங்களில் ஊத்தை மடியில் வைத்து நரம்பு மீட்டியவர். இப்போது கல்யாணங்களுக்கு பீரோ உயரத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள் வந்துவிட்டன. கடைசியாகக் கூப்பிட்ட கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் ஊத்தை வாங்கிக்கொண்டு போனான். அதை மாப்பிள்ளை கையில் கொடுத்து நாலு போட்டோ எடுத்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டுத்தான் போகணும் உஸ்தாத்" என்றான். வாசிக்கச் சொல்லவே இல்லை. ரிஃபாத் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறும் வாங்கிக்கொண்டார். அதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஊத் வாசித்தவர் வாழ்க்கை ஊத்திக்கொண்டது என்று தமிழில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அரபியில் அந்த வசதி கிடையாது. பாவம், ஒவ்வொருவரிடமும் விளக்கமாகச் சொல்லித்தான் அழ வேண்டியிருந்தது.

வயிற்றுக்குக் குறைவில்லை. காலையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் வேலை, இரண்டு மணிக்கு வீடு. குறை வேறு. அந்த ஊர் சங்கீதக்காரனுக்குக் கைதட்டல் ஒரு பொருட்டே இல்லை. கைதட்டல் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவன் ஒரு நல்ல இடத்தில் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, தன்னை மறந்து "அல்லா...ஹ்!" என்று நீட்ட வேண்டும். அந்த ஒரு சொல் விழுந்தால் அடுத்த சுரம் தானாக வரும். விழாவிட்டால் விரல் மரத்துப் போகும். ரிஃபாத்துக்கு அந்தச் சொல் காதில் விழுந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

வீட்டில் கேட்பதற்கு இருந்தது ஒரே ஆள், மனைவி இன்ஷிராஹ். மனம் மலர்தல் என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். யாருடைய மனம் என்று பெயர் வைத்தவர்கள் சொல்லவில்லை. இன்ஷிராஹ் அந்தச் சொல்லைச் சொல்லாதவள் அல்ல. பால் பொங்கினால் சொல்வாள். கரன்ட் போனால் சொல்வாள். துடைத்த தரையில் அவர் செருப்போடு நடந்தால் மூன்று தடவை சொல்வாள். வாசிப்புக்கு மட்டும் சொன்னதில்லை.

"இப்ப வாசிச்சது எப்படி இருந்துச்சு இன்ஷிராஹ்?"

"எப்ப வாசிச்சீங்க?"

"இப்பத்தான். முக்கா மணி நேரமா."

"அதுவா? சுருதி சேத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

ஒரே மகள் நாதியா கல்யாணமாகி இஸ்மாயிலிய்யா போய்விட்டாள். அவள் இருந்தவரையிலாவது அப்பாவுக்காக ஒரு தலையாட்டல் இருந்தது. இப்போது ஊரே "அபூ நாதியா", அதாவது நாதியாவின் அப்பா, என்று கூப்பிட்டும் மனிதர் நாதியற்றுப் போனார்.

இந்த நிலையில்தான் கீழ்த்தளத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷவ்கி வாயைத் திறந்தான். ஷவ்கிக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. சமைக்கத் தெரியாது. மற்றபடி எல்லாம் தெரியும்.

"உங்களைத் தெரியாதவங்க இருக்கிற ஊரு ஒண்ணு இருக்கு உஸ்தாத்."

"எங்க? சூடானா?"

"கம்ப்யூட்டருக்குள்ள. பொம்மை ஊரு. பாக்கறதுக்குத்தான் பொம்மை, ஒவ்வொரு பொம்மைக்குப் பின்னாலயும் நெசமான ஆளு. குவைத்துல ஒருத்தன், மிலான்ல ஒருத்தன், டெட்ராய்ட்ல ஒருத்தன். ஊரை விட்டுப் போன நம்ம ஆளுங்கதான். வேலை முடிஞ்சதும் வந்து அங்க ஒரு காபிக் கடையில உக்காருவாங்க. கடையில மேடை இருக்கு. நீங்க வீட்டுல இருந்து மைக்குல வாசிச்சா அங்க கேக்கும்."

"பொம்மை காபி குடிக்குமா?"

"கையைத் தூக்கித் தூக்கி எறக்கும்."

"போன கல்யாணத்துல அதுகூட யாரும் செய்யலையே!" என்றார் ரிஃபாத்.

அந்த ஊருக்குள் போக வேண்டுமானால் அவதாரம் எடுக்க வேண்டும். முதல் நாள் ரிஃபாத் தானே எடுத்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில், முடியில்லாமல், இடுப்பை ஆட்டி நடக்கிற உருவம் ஒன்று வந்தது. அது நேராக நடந்து போய் நீரூற்றில் விழுந்தது. ஏற வழி தெரியவில்லை. இருபது நிமிஷம் தண்ணீருக்கடியில் நின்றபடி போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஸலாம் சொன்னார். பிறகு ஷவ்கி மேலே வந்து சரி செய்து கொடுத்தான். ஆறடி உயரம். சுருள் முடி. வெள்ளைக் கோட்டு. "தந்திகளின் இளவரசன்" என்று பெயர். கையில் கொடுக்க ஊத் கிடைக்கவில்லை, அதனால் கிதார். தொப்பையும் இல்லை, வழுக்கையும் இல்லை. கண்ணாடியில் பார்க்கிற ஆளுக்கும் திரையில் பார்க்கிற ஆளுக்கும் பொதுவாக இருந்தது ஏக்கம் ஒன்றுதான்.

காபிக் கடைக்குச் சொந்தக்காரி ஸுமுர்ருத் மேடம், ரபாத் நகரத்துக்காரி. எழுதிக் கேட்டதும் செவ்வாயும் சனியும் மாலை நாலு மணிக்கு மேடை கொடுத்தாள். மிச்சம் ஒரே வேலை, வீட்டில் சொல்வது. அதாவது சொல்லாமல் இருப்பது. இன்ஷிராஹுக்குத் தெரிந்தால் முதல் நாளே கேலி செய்து சாகடித்துவிடுவாள் என்று ரிஃபாத்துக்கு நிச்சயம்.

"செவ்வா, சனி நாலு மணிக்கு நான் கம்ப்யூட்டர்ல பாடம் எடுக்கப் போறேன். சத்தம் கூடாது."

"யாருக்குப் பாடம்?"

"ஒரு பையனுக்கு. குவைத்துல."

"பேரு?"

ரிஃபாத்துக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு பெயர்தான் ஞாபகம் வந்தது. "இளவரசன்."

"ஓ! இளவரசருக்கே பாடமா? அப்ப நமக்கும் அரண்மனையில ஒரு கதவு கேளுங்க உஸ்தாத். சமையல்கட்டுக் கதவைக் கழட்டி ரிப்பேருக்குக் குடுத்து ஒம்பது வருஷமாச்சு. அது வரட்டும், நான் சத்தம் போடாம இருக்கேன்."

அவள் கோபம் வந்தால்தான் உஸ்தாத் என்பாள். கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே கதவு இருந்த இடத்தில் ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. ரிஃபாத் அதை நன்றாக இழுத்துவிட்டு மைக்கை வைத்தார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றான் ஷவ்கி. "நீங்க வாசிக்கிறது அவங்களுக்கு உடனே கேக்காது. இருபத்தஞ்சு விநாடி ஆகும். ஊரெல்லாம் சுத்திக்கிட்டுப் போகும். அவங்க எழுதறது மட்டும் உங்களுக்கு உடனே வந்துடும்."

"அப்ப நான் வாசிக்கும்போதே செத்துப் போனா?"

"இருபத்தஞ்சு விநாடி கழிச்சு அழுவாங்க."

முதல் செவ்வாய்க்கிழமை கடையில் பதினோரு பேர். அதில் ஒன்று பூனை. ஒருவனுக்கு இறக்கை இருந்தது. ரிஃபாத் ஸபாவில் தொடங்கினார். ஸபா அழுகைக்கென்றே பிறந்த ராகம். அதை அவர் வாசித்தால் கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். இங்கே பதினோரு பொம்மையும் ஒரே மாதிரி இடமும் வலமும் ஆடின. அவர் நிறுத்தினாலும் ஆடின. ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். ஒருவரும் ஓர் எழுத்து எழுதவில்லை. கல்யாணத்திலாவது சோறு போட்டார்கள் என்று நினைத்தார்.

அப்போதுதான் பூப்போட்ட திரைக்கு அந்தப் பக்கம் இன்ஷிராஹ் மொலோகியாக் கீரைக்குத் தாளித்தாள்.

செவ்வாய்க்கிழமை கீரை வண்டி வருகிற நாள். இரண்டு கைப்பிடி வைத்த பிறைக் கத்தியால் கீரையை மாவாக அரிந்து, குழம்பில் போட்டு, பூண்டையும் கொத்தமல்லி விதையையும் நெய்யில் சிவக்கப் பொரித்து அதன் தலையில் கொட்ட வேண்டும். கொட்டுகிற அதே நொடியில் சமைக்கிறவள் மூச்சை உள்ளே இழுத்து, வீட்டுக்குள் திருடனைக் கண்டவள் மாதிரி "ஹ்ஹாஆ...!" என்று அலற வேண்டும். அலறாவிட்டால் கீரை ருசிக்காது. ஏன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எல்லா வீட்டிலும் அலறுவார்கள். இன்ஷிராஹின் அலறல் எதிர்க் கட்டடம்வரை பிரசித்தம். அது கேட்டதும் அங்கே தட்டு எடுத்து வைப்பார்கள்.

சொய்ங் என்று நெய் பொங்கியது. "ஹ்ஹாஆ...!" என்றாள் இன்ஷிராஹ்.

ரிஃபாத்தின் விரல் வழுக்கியது. மானம் போயிற்று என்று பதறி, அதை மறைக்க, முப்பது வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த பிடியை எடுத்தார். கீழேயிருந்து ஒரே இழுப்பில் மேல் ஸ்தாயிக்குப் போய், அங்கே ஒரு கணம் நின்று, உடைந்து இறங்குகிற பிடி. உச்சியில் நின்றபோது கம்ப்யூட்டர் திரையில் எழுத்து கொட்டியது.

"அல்லா...ஹ்!" என்றது டெட்ராய்ட்.

"யா சலாம்! இன்னொரு தடவை!" என்றது மிலான்.

"எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு" என்றது குவைத்.

"பசிக்குது" என்று எழுதியது பூனை.

கலைப் பசி! ரிஃபாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருஷத்து வறட்சி ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் கீரையை மூன்று தடவை ஊற்றிக்கொண்டார்.

"என்ன, இளவரசன் நல்லா வாசிச்சானா?" என்றாள் இன்ஷிராஹ்.

"பிறவிக் கலைஞன்" என்றார் ரிஃபாத்.

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. அதே பிடி, அதே உச்சி. ஆனால் அலெக்ஸாந்திரியாவில் சனிக்கிழமை மீன். மீன் பொரிக்கிறவள் அலற மாட்டாள். ரிஃபாத் உச்சியில் இருபத்தைந்து விநாடி நின்று பார்த்தார், ஐம்பது விநாடி நின்று பார்த்தார், விரல்தான் வலித்தது. அடுத்த செவ்வாயில் மறுபடி "அல்லாஹ்" மழை. மறு சனியில் வறட்சி. மூன்று வாரம் இப்படிப் போனதும் அவர் மூளையைக் கசக்கி ஒரு முடிவு கண்டார். தன் ஜாதகத்துக்குச் செவ்வாய்தான் நல்ல நாள்! சனியை ஸுமுர்ருத் மேடத்துக்கே திருப்பிக் கொடுத்தார்.

பதினொன்று நாற்பதாயிற்று. நாற்பது தொண்ணூறாயிற்று. ஆனால் இந்த "அல்லாஹ்" சில சமயம் வேண்டாத இடங்களிலும் வந்தது. அவர் சுருதி சேர்க்கும்போது வந்தது. டீ உறிஞ்சும்போது வந்தது. ஒரு தடவை மூக்குச் சிந்தும்போது வந்தது.

"ஷவ்கி, இப்பல்லாம் நான் சும்மா இருந்தாக்கூட ரசிக்கறாங்கடா!"

"அப்படித்தான் தெரியுது உஸ்தாத்" என்றான் ஷவ்கி, கையிலிருந்த போனைத் துடைத்தபடி. தலை நிமிரவில்லை.

ஒரே மனக்குறை மனைவி. அவர் தன் உயிரான பிடிக்குப் போகிற நேரம் பார்த்து அவள் அலறினாள். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அது மட்டுமா? "அபூ நாதியா, சாக்ஸை ஏன் ரொட்டிக் கூடையில போட்டீங்க?" என்பாள். "இந்த ஆளுக்கு வாக்கப்பட்டதுக்குப் பதிலா ஒரு கழுதைக்கு வாக்கப்பட்டிருந்தா அது மூட்டையாவது சுமந்திருக்கும்" என்று அடுப்பிடம் சொல்வாள். இத்தனையும் மைக்கில் போகிறது. பெருந்தன்மையான ரசிகர்கள், பொறுத்துக்கொள்கிறார்கள் என்று ரிஃபாத் வெட்கத்தால் குன்றிப் போனார்.

அந்த நேரத்தில் ஸுமுர்ருத் மேடத்திடமிருந்து சேதி வந்தது. கடைக்கு ஆண்டு விழா. செவ்வாய்க்கிழமை. இருநூறு பேர் வருவார்கள். "உங்கள் வீட்டு நிகழ்ச்சிதான் எங்கள் கடையின் உயிர்" என்று எழுதியிருந்தாள். வீட்டு நிகழ்ச்சி என்று ஏன் எழுதினாள் என்று அவர் யோசிக்கவில்லை. உயிர் என்ற சொல்லிலேயே தங்கிவிட்டார்.

அன்றைக்கு ஒரு நாளாவது இவளை வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டும். இவளுடைய தங்கை ஃபிர்தவ்ஸ் தமன்ஹூரில் இருக்கிறாள். ரயிலில் ஒரு மணி நேரம்.

"இன்ஷிராஹ், பாவம் உன் தங்கச்சி. போய்ப் பாத்து எத்தனை நாளாச்சு!"

இன்ஷிராஹ் பிறைக் கத்தியை நிறுத்தினாள். "இருபத்தாறு வருஷத்துல என் தங்கச்சி பேரை நீங்களா எடுத்தது இதான் முதல் தடவை. யாரு அவ?"

"எவ?"

"என்னை அனுப்பிட்டு யாரைக் கூட்டியாரப் போறீங்க?"

"ஐயோ, என் வயசுக்கு எவடி வருவா?"

"அதுவும் சரிதான். ஆனா நான் போக மாட்டேன். செவ்வாக்கிழமை கீரை வரும்."

மூன்று நாள் கெஞ்சினார். உன் கால் வலிக்கு இடமாற்றம் நல்லது என்றார். தங்கச்சி கனவில் வந்து அழுததாகச் சொன்னார். "என் கனவுல வராம உங்க கனவுல எதுக்கு வந்தா?" என்று அதற்குத் தனியாக விசாரணை நடந்தது. கடைசியில் திங்கட்கிழமை அவள் பெருமூச்சு விட்டாள்.

"நீங்க இவ்வளவு கெஞ்சறதால போறேன். அப்புறம் நான் போயிட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன், சத்தியமா!"

"நானா போகல. நீங்கதான் அனுப்பறீங்க."

"நான்தான், நான்தான்!"

செவ்வாய்க்கிழமை காலை வண்டி வந்ததும் கீரை வாங்கினாள். பெரிய சட்டி, பிறைக் கத்தி, நெய் ஜாடி எல்லாவற்றையும் பையில் அடைத்தாள்.

"தமன்ஹூர்ல சட்டி கெடைக்காதா?"

"என் சட்டி கெடைக்காது" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

வீடு அமைதியாக இருந்தது. ரிஃபாத் குளித்து, முகம் மழித்து, அவதாரத்துக்குப் பொருத்தமாகத் தானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். ஷவ்கி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள மேலே வந்தான். என்னவோ செருப்பைக் கழற்றாமல் வாசல் பக்கமாகவே உட்கார்ந்தான். கடையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். உட்கார இடமில்லாமல் இறக்கைக்காரன் மேலே மிதந்தான்.

ரிஃபாத் வாசித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அப்படி அவர் என்றைக்கும் வாசித்ததில்லை. விரல் அவர் சொல்வதற்கு முன்னால் போனது. போட்டோவுக்காகக் கை மாறிய ஊத், மூன்று வருஷ மௌனம், எல்லாம் நரம்பில் வந்தது. உயிரான பிடியை எடுத்தார். மேல் ஸ்தாயியில் நின்றார். உடைந்து இறங்கினார். கண்ணை மூடிக்கொண்டு இருபத்தைந்து எண்ணினார். திறந்தார்.

"சத்தம் வரலையே, லைன் போயிடுச்சா?" என்றது டெட்ராய்ட்.

"நரம்புச் சத்தம் வருது. வேற ஒண்ணும் வரல" என்றது மிலான்.

"அம்மா எங்க?" என்றது குவைத்.

"இன்னிக்கு மொலோகியா இல்லையா?" என்றது பூனை.

"அந்த நரம்பு வாத்தியத்தைக் கொஞ்சம் குறைங்க. அடுப்புச் சத்தமே கேக்கல" என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதினான்.

ரிஃபாத் அந்த வரியை மூன்று தடவை படித்தார். பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அலறலுக்கும் "அல்லாஹ்"வுக்கும் நடுவே இருபத்தைந்து விநாடி. சாக்ஸுக்கும் "அல்லாஹ்"வுக்கும் நடுவே இருபத்தைந்து விநாடி. மூக்குச் சிந்தியதற்கு இருபத்தைந்து விநாடி முன்னால்தான் கழுதை. ஊத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, முன்னால் வந்துவிட்டுச் சேதியைப் பின்னால் அனுப்பும் என்று நினைத்தார்.

அதற்குள் ஏதோ அறிவிப்பு வந்தது. அவர் படிப்பதற்கு முன் பொம்மைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இருநூறு, நூறு, முப்பது. கடைசியில் முன்வரிசையில் ஒரே ஒருவர். பச்சைத் தலைப்பாகை கட்டிய பெரியவர். அவர் அசையவில்லை.

ஒருவராவது இருக்கிறாரே! ரிஃபாத் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒருவருக்காக முக்கால் மணி நேரம் வாசித்தார். முடித்ததும் எழுதினார்: "ஐயா, நீங்கள் ஒருவராவது என்னைப் புரிந்துகொண்டீர்கள்." இருபத்தைந்து விநாடி காத்திருந்தார். இரண்டு நிமிஷம் காத்திருந்தார்.

"உஸ்தாத்," என்றான் ஷவ்கி மெதுவாக, "அது ஆளு இல்ல. நாற்காலி வாங்கினா கூடக் குடுக்கற அலங்காரப் பொம்மை."

"மத்தவங்கல்லாம் எங்கடா போனாங்க?"

ஷவ்கி ஒரு பொத்தானை அழுத்தினான். இன்னொரு கடை வந்தது. பாதிக் கடை மேடை, மேடையில் அடுப்பு. முந்நூறுக்கு மேல் கூட்டம். ஸுமுர்ருத் மேடம் முன்வரிசையில். அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் அவதாரம். ஆறடி இல்லை. சுருள் முடி இல்லை. அதே ஐந்தடி, அதே புள்ளி போட்ட தலைத்துணி, இடுப்பில் கை. "உம்மு நாதியா, தமன்ஹூரிலிருந்து நேரடியாக" என்று மேலே எழுதியிருந்தது.

அவதாரம் எடுத்தால் தாரத்திடமிருந்து தப்பிக்கலாம் என்று எண்ணியது அவருடைய தப்பு. அவதாரத்துக்குள்ளேயேதான் தாரம் உட்கார்ந்திருக்கிறதே!

"...கேளுங்க புள்ளைங்களா," என்று இன்ஷிராஹின் குரல் கணீரென்று வந்தது, "மூணு நாளா காலைப் புடிக்காத குறை. போ போன்னு கெஞ்சறாரு. நான் போன வாரமே ரயில் டிக்கெட் எடுத்துட்டேன்! பையிலதான் இருக்கு! இருந்தாலும் உடனே சரின்னா மரியாதை இருக்குமா? மூணு நாள் இழுத்தேன்."

முந்நூறு பேரும் சிரித்தார்கள். சொய்ங் என்றது நெய். "ஹ்ஹாஆ...!" என்றாள் அவள். கடை முழுக்க "அல்லா...ஹ்!" பொழிந்தது.

ரிஃபாத் ஷவ்கியைப் பார்த்தார். ஷவ்கி கதவைப் பார்த்தான்.

"எப்ப இருந்துடா?"

"மூணாவது வாரம். அந்தம்மா யாருன்னு ஸுமுர்ருத் மேடம் எனக்கு எழுதிக் கேட்டாங்க. நான் இவங்ககிட்ட சொன்னேன். எனக்கும் ஒரு பொம்மை செஞ்சு குடுடான்னாங்க."

"நீ என் பக்கம்னு நெனச்சேனே!"

"நான் என்ன செய்யட்டும் உஸ்தாத்? நீங்க எனக்கு ஊத் வாசிச்சுக் காட்டினீங்க. அவங்க கீரை குடுத்தாங்க."

இருட்டியதும் இன்ஷிராஹ் திரும்பி வந்துவிட்டாள். ரிஃபாத் கூடத்தில் ஊத்தை உறைக்குள் போட்டு நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கட்டறீங்க?"

"முடிஞ்சுது. இனிமே தொட மாட்டேன்." நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். "கேலி பண்ணிக்கோ. முப்பது வருஷம் வாசிச்சவன் உன் அடுப்புக்குப் பின்பாட்டாப் போயிட்டேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் எனக்காக ஒரு தடவை சொல்லியிருந்தாப் போதும் இன்ஷிராஹ். ஒரு தடவை."

இன்ஷிராஹ் பையைக் கீழே வைத்தாள். கேலி செய்யவில்லை. கொஞ்ச நேரம் தலைத்துணியைச் சரி செய்தாள். அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"ஊத் வேணும்" என்றாள்.

"என்னது?"

"அங்க ஃபிர்தவ்ஸ் வீட்டுல நின்னப்பதான் தெரிஞ்சுது. குழம்பு கொதிக்கறவரைக்கும் சும்மா நிக்க முடியல. பேசறதுக்கும் ஒரு அளவு இருக்கு. வீட்டுல அந்த நேரத்துல நீங்க பின்னால டொய்ங் டொய்ங்னு இருப்பீங்க. இல்லாம என்னவோ மாதிரி இருந்துச்சு."

ரிஃபாத்துக்குக் காதை நம்ப முடியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்ன பெரிய பாராட்டு இதுதான். டொய்ங் டொய்ங்!

"நான் தனியா வாசிக்கணும்" என்றார், கிடைத்த இடத்தில் காலை ஊன்றி. "நீ பேசக் கூடாது. அலறக் கூடாது."

"சரி. குழம்பு கொதிக்க ஏழு நிமிஷம். உங்களுக்குத்தான்."

"ஏழா? என் ஸபா பதினஞ்சு நிமிஷம்!"

இன்ஷிராஹ் யோசித்தாள். "அப்ப தீயைக் குறைச்சு வைக்கறேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை உம்மு நாதியாவின் மேடையில் அடுப்புக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். நானூறு பேர். இன்ஷிராஹ் சொன்ன சொல் தவறவில்லை. தீயைக் குறைத்தாள், வாயை மூடிக்கொண்டாள். சமையல்கட்டுக்குள்ளேயே முக்காலி போட்டு உட்கார்ந்து ரிஃபாத் வாசித்தார். அலறல் இல்லை, சாக்ஸ் இல்லை, கழுதை இல்லை. ஊத் மட்டும். கீழேயிருந்து ஒரே இழுப்பு. மேல் ஸ்தாயி. அங்கே நின்றார். உடைந்து இறங்கினார். அப்போது சட்டியின் மூடி தடதடத்தது.

"பொங்குது, போதும், நிறுத்துங்க!" என்றாள் இன்ஷிராஹ்.

நிறுத்தினார். திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிறிது நேரத்தில் எழுத்து கொட்டியது. டெட்ராய்ட், மிலான், குவைத், பூனை, இறக்கைக்காரன், முன்பின் தெரியாதவர்கள், நானூறு பேரும் ஒரே வாயாக: "அல்லா...ஹ்! அல்லா...ஹ்!"

ரிஃபாத்தின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. மறைக்கவில்லை.

"பாத்தியா இன்ஷிராஹ்? நீ வாயைத் திறக்கல. தாளிக்கல. இது எனக்கு. என் பிடிக்கு!"

இன்ஷிராஹ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, உதட்டை அசைத்து எண்ணினாள். அவள் முகத்தில் முதல் முறையாக அவர்மேல் இரக்கம் தெரிந்தது.

"இல்லைங்க. இருபத்தஞ்சு விநாடி கணக்குப் பாத்தா, நீங்க நிறுத்தினதுக்குத்தான் வருது."